தெற்கு ஃபோர்சைத் தனி சிட்டியா ஆகணுமா? ரெண்டு பக்கமும் சொல்லுங்க

ஷேரன்ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கறது அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலம், தெற்கு ஃபோர்சைத் கவுண்டி (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). அட்ரஸ்ல கம்மிங்னு போடறோம், ஆனா கம்மிங் சிட்டிக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த சிட்டில 2020 சென்சஸ்படி ஏழாயிரத்து சொச்சம் பேர்தான், கவுண்டி முழுக்க ரெண்டரை லட்சம் பேர், அதாவது மீதி எல்லாரும் எந்த சிட்டியிலயும் சேராம நேரா கவுண்டி கீழ இருக்கோம். மெக்கின்னிஸ் ஃபெரி ரோட்டைத் தாண்டினா ஜான்ஸ் க்ரீக், அவங்களுக்கு மேயர், கவுன்சில், சொந்த போலீஸ் எல்லாம் இருக்கு. 2018 மே மாசம் ஷேரன் ஸ்பிரிங்ஸ்னு ஒரு சிட்டி ஆரம்பிக்கலாமான்னு ஓட்டு வச்சாங்க, பாதிக்கு மேல ஆமான்னு விழுந்தும் 57.5 சதவீதம் வேணும்னு சட்டமன்ற பில்லுல (மசோதால) போட்டிருந்ததால தோத்துப் போச்சு. இப்ப எங்க சப்டிவிஷன் (குடியிருப்பு) வாட்ஸப் குரூப்ல திரும்ப ஏன் முயற்சி பண்ணக்கூடாதுன்னு பேச்சு வந்திருக்கு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஸ்கூல் நமக்கு தனியா வரும்னு ஒருத்தர், டாக்ஸ் டபுளாகும்னு இன்னொருத்தர். ஏற்கனவே இதைப் பாத்தவங்க, மத்த கவுண்டில இருக்கறவங்க சொன்னா உதவியா இருக்கும்.

கிரீன்வே:
கண்டிப்பா வேணும். தெருவுக்குத் தெரு ரீஸோனிங் போர்டு, அதாவது இந்த நிலத்துல என்ன கட்டலாம்ங்கற ரூல மாத்தப் போறாங்கன்னு நோட்டீஸ், நட்டு வச்சிருக்கு. மரம் எல்லாம் போச்சு. யார் கேக்கறது?

கணக்குப்பிள்ளை:
முதல்ல ஸ்கூல் விஷயத்த முடிச்சிடலாம், ஏன்னா நம்மாளுங்க பாதிப்பேர் இதுக்காகத்தான் ஆமான்னு சொல்லுவாங்க. ஜார்ஜியால புது சிட்டி வந்தா புது ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வராது. மாநில அரசியல் சட்டத்துலயே புதுசா தனி ஸ்கூல் சிஸ்டம் ஆரம்பிக்கக்கூடாதுன்னு இருக்கு. டிகேட்டர், மரியெட்டா, பியூஃபோர்ட் மாதிரி பழைய சிட்டிகளுக்கு மட்டும் சொந்த ஸ்கூல் இருக்குன்னா அது அந்தக் காலத்துலேர்ந்து வர்றது. சாண்டி ஸ்பிரிங்ஸ், ஜான்ஸ் க்ரீக், டன்வுடி எதுவுமே சிட்டி ஆகியும் ஸ்கூலைக் கையில எடுக்க முடியல, எல்லாம் கவுண்டி ஸ்கூல்தான். அதனால லாம்பர்ட், டென்மார்க், சௌத் ஃபோர்சைத் ஹை ஸ்கூல் எல்லாம் இப்ப எப்படி இருக்கோ அப்படியேதான் இருக்கும், பவுண்டரி கோடு போடறதும் அதே ஸ்கூல் போர்டுதான்.

அடுத்தது டாக்ஸ். வீட்டு மார்க்கெட் விலைல 40 சதவீதத்துக்குத்தான் வரி கணக்கு. ஏழு லட்சம் டாலர் வீடுன்னா 2,80,000க்கு. ஒரு மில்னா ஆயிரத்துக்கு ஒரு டாலர், அதாவது அந்த வீட்டுக்கு வருஷம் 280 டாலர், எக்ஸெம்ப்ஷன் எல்லாம் கழிக்காம சொல்றேன். ஒரு சிட்டி அரை மில் போட்டா 140 டாலர், நாலு மில் போட்டா 1,120 டாலர். டபுளாகும்னு சொல்றவர் தப்பு, ஏன்னா நம்ம டாக்ஸ் பில்லுல பெரிய பங்கு ஸ்கூல் டாக்ஸ், அது மாறாது. ஆனா ஒண்ணும் ஏறாதுன்னு சொல்றவரும் யோசிச்சுப் பேசணும். எவ்வளவு ஏறும்ங்கறது அந்த சிட்டி என்னென்ன வேலைய எடுத்துக்குதோ அதப் பொறுத்தது. போலீஸும் ஃபயரும் எடுத்தா ஒரு கணக்கு, எடுக்கலன்னா வேற கணக்கு.

ஜேசி_அம்மா:
நான் ஜான்ஸ் க்ரீக். சிட்டி ஆனது 2006 டிசம்பர் 1, போலீஸும் ஃபயரும் 2008ல வந்துச்சு. நாங்க வாங்கினது அதுக்கு அப்புறம்தான், அதனால முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்ல முடியாது. எங்க பக்கத்து வீட்டு அக்கா அதுக்கு முன்னாடிலேர்ந்து இருக்காங்க, அவங்க சொல்ற முதல் வித்தியாசம் கவுன்சில் மீட்டிங்தான். ஃபுல்டன் கவுண்டி காலத்துல ஒரு விஷயம் பேசணும்னா டவுன்டவுன் அட்லாண்டா வரைக்கும் போகணும், சாயங்கால ட்ராஃபிக்ல அது எவ்வளவு நேரம்னு 400 ஹைவேல ஓட்டறவங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். இப்ப சிட்டி ஹால் பத்து நிமிஷம்.

ஆனா சிட்டி ஆனதால பில்டிங் நின்னுடுச்சான்னு கேட்டா இல்ல. எங்க சிட்டி உருவானப்பவே நிறைய இடம் கட்டி முடிச்சாச்சு, ஸ்ட்ரிப் மாலும் சப்டிவிஷனும்தான், நடுவுல டவுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. டவுன் சென்டர் வேணும்னு இத்தன வருஷம் கழிச்சு இப்பதான் உருவாக்கறாங்க. டவுன் சென்டர்னா அபார்ட்மென்ட் வரும், அபார்ட்மென்ட்னா சண்டை வரும். கிரீன்வே, நீங்க மரம் போச்சுன்னு சொல்றீங்க, எனக்குப் புரியுது, ஆனா சிட்டி வர்ற நேரத்துல மிச்சம் எவ்வளவு காலி நிலம் இருக்குன்னு பாருங்க. அதுக்குள்ள எல்லாத்துக்கும் பெர்மிட் வாங்கிட்டாங்கன்னா புது சிட்டி கையில ஒண்ணும் இருக்காது, ஏற்கனவே குடுத்த பெர்மிட்ட திருப்பி எடுக்கறது லேசு இல்ல.

கிரீன்வே:
அதுக்குத்தான் சீக்கிரம் ஆரம்பிக்கணும்ங்கறேன் அக்கா. கவுண்டில கமிஷனர் அஞ்சு பேர். ரெண்டரை லட்சத்த அஞ்சால வகுத்தா ஆளுக்கு அம்பதாயிரம் பேர். ஷேரன் ஸ்பிரிங்ஸ்னு போட்டிருந்த மேப்ல இருந்ததே சுமார் அம்பதாயிரம் பேர்தான், அதாவது ஒரே ஒரு கமிஷனர் அளவு. அந்த ஒருத்தர் எதிர்த்து ஓட்டு போட்டாலும் மீதி நாலு பேர் வேற ஏரியா, அவங்க எங்க ரோட்ல ஓட்டறதில்ல. அதே மக்களுக்கு ஒரு மேயரும் ஆறு கவுன்சிலரும் இருந்தா எட்டாயிரம் பேருக்கு ஒருத்தர் ஆகுது. எட்டாயிரம் பேருன்னா நாலஞ்சு பெரிய சப்டிவிஷன். அவர நமக்கு முகம் தெரியும், பார்க்ல பாப்போம், கேள்வி கேப்போம். வேற எந்தக் காரணமும் எனக்கு வேண்டாம், இது ஒண்ணே போதும்.

பழைய_ஃபுல்டன்:
நான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப காலம் ஆச்சு, சாண்டி ஸ்பிரிங்ஸ் சிட்டி ஆனத நேர்ல பாத்தவன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

ஃபுல்டன் கவுண்டில இருக்கற சாண்டி ஸ்பிரிங்ஸ் கதை 1966லயே ஆரம்பிக்குது. அட்லாண்டா சிட்டி அந்த ஏரியாவ தன்னோட சேத்துக்கப் பாத்துச்சு, மக்கள் ஓட்டு போட்டு வேண்டாம்னாங்க. 1975ல கமிட்டி போட்டாங்க, இவா கலாம்போஸ்னு ஒரு அம்மா, பொருளாதாரம் படிச்சவங்க, அவங்கதான் முன்னாடி நின்னாங்க. வருஷா வருஷம் பில்லு போகும், அட்லாண்டாவுக்கு வேண்டிய எம்எல்ஏக்கள் கமிட்டியிலயே நிறுத்திடுவாங்க. ஏற்கனவே இருக்கற சிட்டிக்கு மூணு மைலுக்குள்ள புது சிட்டி கூடாதுன்னு ஒரு சட்டம் வேற. 2004 தேர்தல்ல சபை கைமாறினதுக்கு அப்புறம் 2005ல அந்தத் தடையெல்லாம் போச்சு, ஜூன் மாசம் ஓட்டு, 94 சதவீதம் ஆமா. முப்பது வருஷம் விடாம நின்ன அந்தம்மாவே முதல் மேயர். இதச் சொல்றது எதுக்குன்னா, ரெண்டு மாசத்துல வாட்ஸப்ல ஆரம்பிச்சு முடிக்கற வேலை இல்ல இது.

அப்புறம் நடந்தது ரொம்ப முக்கியம். சிட்டி ஆன நாள்லேர்ந்து போலீஸ், ஃபயர் தவிர கிட்டத்தட்ட எல்லாத்தையும் சிஎச்2எம் ஹில்னு ஒரு பிரைவேட் கம்பெனிகிட்ட குடுத்தாங்க. நாடு முழுக்கலேர்ந்து வந்து பாத்துட்டு இதுதான் எதிர்காலம்னு எழுதினாங்க. 2019ல அதே சிட்டி பெரும்பாலான வேலைய திரும்ப சொந்த ஆளுங்க கையில எடுத்துக்குச்சு, அஞ்சு வருஷத்துல 1.4 கோடி டாலர் மிச்சமாகும்னு அவங்களே கணக்கு போட்டாங்க. அதனால யாராவது வந்து பிரைவேட்டுக்கு குடுத்தா செலவே இருக்காதுன்னு பேசினா இந்தக் கதைய எடுத்து வைங்க.

இன்னொண்ணு, இதப் பத்தி நம்ம ஆளுங்க பேசவே மாட்டேங்கறாங்க. சாண்டி ஸ்பிரிங்ஸ் போச்சு, அடுத்த வருஷம் மில்டன், ஜான்ஸ் க்ரீக், அப்புறம் சாட்டஹூச்சி ஹில்ஸ். வடக்குல இருந்த சிட்டிங்க போறப்ப ஆபீஸும் கடையும் நல்ல வரி வர்ற இடமும் கூடவே போச்சு. கவுண்டி தெற்குல மிஞ்சினவங்க பெரும்பாலும் கருப்பின மக்கள், அவங்களுக்கு அதே சர்வீஸ குறைஞ்ச வரி வருமானத்துல குடுக்க வேண்டி வந்துச்சு. கடைசில அவங்களும் வேற வழியில்லாம 2017 மே மாசம் சிட்டி ஆஃப் சௌத் ஃபுல்டன் ஆனாங்க, இன்னிக்கு ஃபுல்டன்ல சிட்டிக்கு வெளிய மக்கள் இருக்கற இடம்னு அநேகமா எதுவும் இல்ல. 2011ல இந்தப் புது சிட்டிகளுக்கு எதிரா சட்டமன்ற கருப்பின உறுப்பினர்கள் குழு கேஸ் போட்டாங்க, அது தள்ளுபடி ஆச்சு. கோர்ட்டு தள்ளினா நியாயம் ஆயிடாது. பார்க்க ஏக்கர் நூறு டாலருக்கும் ஃபயர் ஸ்டேஷன அஞ்சாயிரம் டாலருக்கும் கவுண்டி புது சிட்டிக்கு குடுக்கணும்னு சட்டம் போட்டாங்க, அந்தப் பார்க்கையும் ஸ்டேஷனையும் கட்டினது கவுண்டி முழுக்க இருந்த மக்களோட வரிப்பணம். நான் சிட்டி வேண்டாம்னு சொல்லல. போறவங்க யார விட்டுட்டுப் போறாங்கன்னு பாத்துட்டுப் போகணும்ங்கறேன்.

கிரீன்வே:
சார் மரியாதையோட கேக்கறேன். ஃபோர்சைத் ஃபுல்டன் இல்ல. இங்க வடக்குல இருக்கறவங்க ஏழைங்க இல்ல, ஏரிக்கரை வீடெல்லாம் அங்கதான் இருக்கு. நாங்க போலீஸ் கேக்கல, ஃபயர் கேக்கல, ஸோனிங் மட்டும் கேக்கறோம். இதுல யாருக்கு நஷ்டம்?

பழைய_ஃபுல்டன்:
தம்பி, ஸோனிங் மட்டும்னாலும் லைசென்ஸ் ஃபீ, பெர்மிட் ஃபீ, இன்ஷூரன்ஸ் பிரீமியம் டாக்ஸ்ல ஆள்கணக்குப்படி பங்கு, ஒரு சதவீத லோக்கல் சேல்ஸ் டாக்ஸ்ல பங்கு எல்லாம் புது சிட்டிக்குப் போகும். கடைத்தெரு நிறைய தெற்குல இருக்கு. ஃபுல்டன் அளவுக்கு அடி விழாது, ஒத்துக்கறேன். ஆனா நஷ்டமே இல்லன்னு சொல்ல முடியாது.

அதோட, அபார்ட்மென்ட் வேண்டாம், டவுன்ஹோம் வேண்டாம்னு நீங்க தடுத்தா அது வடக்க தள்ளிப் போகும், இல்லன்னா பக்கத்து டாசன் கவுண்டிக்குப் போகும். நம்ம பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்கற டீச்சர், நம்ம கடைல வேலை பாக்கற பையன், அவங்க எங்க இருப்பாங்க? இப்பவே எத்தன பேர் நாப்பது நிமிஷம் ஓட்டி வர்றாங்க பாருங்க.

ஈஸ்ட்காப்வாசி:
எங்க ஊர் அனுபவம் சொல்றேன். 2022 மே 24, காப் கவுண்டில மூணு ஓட்டு ஒரே நாள்ல, ஈஸ்ட் காப், லாஸ்ட் மவுண்டன், வைனிங்ஸ். மூணும் தோத்துச்சு, அதுலயும் ஈஸ்ட் காப்ல நாலுல மூணு பங்கு கிட்ட வேண்டாம்னு விழுந்துச்சு. நானும் வேண்டாம்னுதான் போட்டேன். காரணம் ஒண்ணுதான், எங்க பில்லுல போலீஸும் ஃபயரும் இருந்துச்சு. இருக்கற கவுண்டி ஃபயர் மேல யாருக்கும் குறை இல்ல, அப்ப எதுக்கு அத மாத்தணும்? முதல்ல ஸோனிங்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் பட்ஜெட் சரிக்கட்ட ஃபயர சேத்தாங்களோன்னு மக்களுக்கு சந்தேகம் வந்துடுச்சு. நவம்பர்ல நடக்க வேண்டிய ஓட்ட மே மாசத்துக்கு இழுத்ததும் பலருக்குப் பிடிக்கல, படிச்சுப் பாக்க நேரம் குடுங்கப்பான்னு சொன்னாங்க.

அதே வருஷம் நவம்பர்ல மேபிள்டன் ஜெயிச்சுச்சு, காப்ல அதான் இப்ப பெரிய சிட்டி. ஆனா ஜெயிச்ச உடனே, வேண்டாம்னு ஓட்டு போட்ட பக்கத்துக்காரங்க எங்கள வெளிய விடுங்கன்னு ஆரம்பிச்சுட்டாங்க. கோடு எங்க போடறோம்ங்கறது அவ்வளவு முக்கியம். 57.5 சதவீதம் வேணும்னு உங்க பில்லுல வச்சது அநியாயம்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது சரின்னு படுது, ஏன்னா ஒரு தடவ ஆயிடுச்சுன்னா கலைக்கறது லேசு இல்ல.

ஷேரன்ரோடு:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. பீச்ட்ரீ கார்னர்ஸ்ல பிராப்பர்ட்டி டாக்ஸே இல்லன்னு சொல்றாங்களே, அது எப்படி?

கணக்குப்பிள்ளை:
உண்மைதான் ஜி. ஜார்ஜியா சட்டப்படி சிட்டின்னு இருக்கணும்னா குறைஞ்சது மூணு சர்வீஸ் குடுக்கணும், வருஷத்துக்கு ஆறு கூட்டமாவது போடணும், எலெக்‌ஷன் நடத்தணும். பீச்ட்ரீ கார்னர்ஸ் 2012 ஜூலைல ஆரம்பிச்சப்ப சரியா மூணுதான் எடுத்தாங்க, பிளானிங் அண்ட் ஸோனிங், கோட் என்ஃபோர்ஸ்மென்ட் (வீடு, நிலம் பத்தின ரூல மீறாம பாத்துக்கறது), குப்பை. போலீஸ், ஃபயர், தண்ணி எல்லாம் க்வின்னெட் கவுண்டியே பாக்குது. சிட்டி லைட்னு சொல்லுவாங்க. ஆனா அவங்ககிட்ட டெக்னாலஜி பார்க்னு பழைய பெரிய ஆபீஸ் ஏரியா இருக்கு, பிசினஸ் லைசென்ஸ், ஃப்ரான்சைஸ் ஃபீ, இதெல்லாம் வச்சே ஓட்டிடறாங்க. ஃப்ரான்சைஸ் ஃபீன்னா கரென்ட், கேபிள் கம்பெனிகிட்ட சிட்டி வாங்கறது, ஆனா அது சுத்தி வந்து நம்ம பில்லுலதான் உக்காரும். சிட்டி டாக்ஸ் ஜீரோன்னா செலவு ஜீரோன்னு அர்த்தம் இல்ல.

க்வின்னெட்லயே இன்னொண்ணு, ஹேமில்டன் மில் பக்கம் மல்பெரி. 2024 மே மாசம் ஓட்டு ஜெயிச்சு, 2025 ஜனவரிலேர்ந்து சிட்டி. சுமார் 40 ஆயிரம் பேர். பிராப்பர்ட்டி டாக்ஸ் கிடையாதுன்னு சொல்லித்தான் ஓட்டு வாங்கினாங்க, ஆரம்பிச்ச உடனே எந்த சர்வீஸ யார் குடுக்கறதுன்னு கவுண்டிக்கும் சிட்டிக்கும் கோர்ட்டு கேஸ். லாயர் ஃபீஸ் ரெண்டு பக்கமும் அதே மக்களோட பணம்தான். ஷேரன் ஸ்பிரிங்ஸும் சிட்டி லைட்டாத்தான் யோசிச்சாங்க. திரும்ப வந்தா நான் கேக்கப் போற மூணு கேள்வி: மில் லிமிட் பில்லுலயே எழுதியிருக்கா, அத ஏத்தணும்னா மக்கள் ஓட்டு வேணுமா இல்ல கவுன்சிலே ஏத்திக்கலாமா, பீஸிபிலிட்டி ஸ்டடி எந்த வருஷ நம்பர வச்சு பண்ணது. அந்த ஸ்டடி வரவு செலவு சரியா வருமான்னு மட்டும்தான் சொல்லும், சிட்டி நல்லதான்னு சொல்லாது. நிறைய பேர் ஸ்டடி பாஸ் ஆயிடுச்சுன்னா முடிஞ்சதுன்னு நினைக்கறாங்க.

ஹெச்1_குடும்பம்:
இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒண்ணு. தெற்கு ஃபோர்சைத்ல நம்ம மாதிரி இந்தியக் குடும்பங்கள் எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அதுல எத்தன பேருக்கு ஓட்டு இருக்கு? நாங்க வீடு வாங்கி வருஷக்கணக்கா டாக்ஸ் கட்டறோம், கிரீன் கார்டு வரிசை நகரவே மாட்டேங்குது, வந்தாலும் சிட்டிசன் ஆக அதுக்கு மேல அஞ்சு வருஷம். சிட்டி வேணுமா வேண்டாமாங்கற ஓட்டுலயும் எங்களுக்கு இடமில்ல, அப்புறம் வர்ற மேயர் எலெக்‌ஷன்லயும் இல்ல. எட்டாயிரம் பேருக்கு ஒரு கவுன்சிலர்னு கிரீன்வே சொல்றார், அந்த எட்டாயிரத்துல ஓட்டு போடறவங்க எத்தன பேர், அதுல மே மாச ப்ரைமரி (கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்கற முதல்கட்ட எலெக்‌ஷன்) அன்னிக்கு வர்றவங்க எத்தன பேர்? சில நூறு பேர் முடிவு பண்ணுவாங்க. அவங்க நம்மள மாதிரி ஆட்களுக்கு சாதகமா இருப்பாங்கன்னு எனக்கு பயமில்லாம சொல்ல முடியல. கோயில் கட்ட ஸோனிங், வீட்ல டான்ஸ் க்ளாஸ், ட்யூஷன் நடத்தறதுக்கு ரூல், ஒரே வீட்ல அப்பா அம்மாவும் சேந்து இருக்கறது, இதெல்லாம் கோட் என்ஃபோர்ஸ்மென்ட் கையில இருக்கற விஷயம். சின்ன சிட்டின்னா அந்தக் கை நம்ம வாசலுக்கு ரொம்ப கிட்ட வரும்.

ஜேசி_அம்மா:
நீங்க சொல்றது நியாயம் தங்கச்சி, எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா ஓட்டு இல்லன்னாலும் பப்ளிக் ஹியரிங்ல பேச சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. எங்க சிட்டில 2020 கணக்குப்படி 82 ஆயிரம் பேர்ல மூணுல ஒரு பங்கு கிட்ட ஏசியன். தீபாவளி நிகழ்ச்சி, கிரிக்கெட் இடம், இதெல்லாம் பேசிப் பேசி வந்ததுதான். ஒரு கவுன்சில் மீட்டிங்ல முப்பது பேர் போய் உக்காந்தா ரூம் நிறைஞ்சிடும், அத அவங்க கவனிக்காம இருக்க முடியாது. கவுண்டி மீட்டிங்ல முப்பது பேர் பெரிசா தெரியாது. ஓட்டு இல்லாதவங்களுக்கு சின்ன சிட்டிதான் அதிகம் காது குடுக்கும்னு நான் நம்பறேன், ஆனா போய் உக்காரணும். நம்ம ஆளுங்க உக்காராம வீட்டுலேர்ந்து ஃபார்வேர்டு பண்ணிட்டே இருந்தா நீங்க பயப்படறதுதான் நடக்கும்.

ஹெச்1_குடும்பம்:
சரிக்கா, அது யோசிக்க வேண்டிய விஷயம். ஆனா போய்ப் பேசறதும் ஓட்டு போடறதும் ஒண்ணு இல்ல. டாக்ஸ் கட்டறவ நான், முடிவு பண்றது வேற ஒருத்தர்ங்கறது எனக்கு உறுத்தலாவேதான் இருக்கும்.

ஈஸ்ட்காப்வாசி:
நம்பிக்கையான ஆளு யாருங்கறதும் முக்கியம்ங்க. ஸ்டோன்க்ரெஸ்ட் 2017ல சிட்டி ஆச்சு, முதல் மேயரே கோவிட் நிவாரணப் பணத்துல மோசடி பண்ணி 2022ல ஜெயில் தண்டனை வாங்கினார். கிட்ட இருந்தா கண்காணிக்கலாம்னு சொல்றோம், சின்ன சிட்டிக்கு ரிப்போர்ட்டர் வர்றதில்லங்கறதும் உண்மை.

கிரீன்வே:
அதுக்காக பெரிய கவுண்டில திருடவே மாட்டாங்கன்னு சொல்ல முடியுமா? தப்பு பண்றவன் எங்கயும் பண்ணுவான். எட்டாயிரம் பேருக்கு ஒருத்தர்னா அடுத்த எலெக்‌ஷன்ல தூக்கறது ஈஸி, நான் அங்கதான் நிக்கறேன்.

பழைய_ஃபுல்டன்:
கிரீன்வே தம்பிக்கு ஒரு கோரிக்கை. சிட்டி வர்றதுக்கு முன்னாடியே செய்யற வேலை ஒண்ணு இருக்கு. கவுண்டியோட காம்ப்ரிஹென்சிவ் பிளான்னு ஒரு டாக்குமென்ட் இருக்கும், எந்த நிலம் எதிர்காலத்துல என்ன ஆகலாம்னு அதுல மேப் போட்டிருக்கும். ரீஸோனிங் கேஸ் வர்றப்ப எல்லாரும் சண்டைக்குப் போறாங்க, அந்த மேப் போடற கூட்டத்துக்கு ஆளே வர்றதில்ல. அதுக்கு முப்பது பேரக் கூட்டிட்டுப் போங்க. போயும் கேக்கலன்னா அப்ப சிட்டி கேளுங்க, நானும் உங்க கூட வந்து நிக்கறேன்.

கிரீன்வே:
சரி சார், நீங்க சொன்னா கேக்கறேன், ஆனா ரெண்டும் சேத்தே பண்ணுவோம். பிளான் கூட்டத்துக்கும் ஆள் சேக்கறேன், பில்லு பத்தி எங்க ரெப்ரெசன்டேட்டிவ் ஆபீசுக்கும் எழுதறேன். பிளான் மாறறதுக்குள்ள மிச்ச நிலமும் போயிடும்னுதான் என் கவலை.

ஷேரன்ரோடு:
நான் இன்னும் முடிவுக்கு வரல. போலீஸ், ஃபயர் வேண்டாம்ங்கறதுல மட்டும் எனக்கு சந்தேகமே இல்ல. மில் லிமிட்ட மக்கள் ஓட்டு இல்லாம ஏத்த முடியாதுன்னு எழுதினா ஆமான்னு போடுவேன்னு நினைக்கறேன். கணக்குப்பிள்ளை ஜி, உங்க மூணு கேள்விய எங்க குரூப்ல போடறேன். பழைய ஷேரன் ஸ்பிரிங்ஸ் பில்லோட மேப் யார்கிட்டயாவது இருந்தா இங்க போடுங்க, எங்க சப்டிவிஷன் கோட்டுக்கு உள்ளயா வெளியயான்னு எனக்கே இன்னும் சரியா தெரியல.